தடுப்பூசித் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது?

அரைக்கணக்கன்:

வணக்கம். பல நாடுகளின் தடுப்பூசித் திட்டங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை, கணக்கு மட்டும் ஓரளவு வரும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிடும் அட்டவணையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றிவிட்டது. ஒரே நாடு, ஒரே வருடம், அதே டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு ஆகியவற்றுக்கான ஊசி) மூன்றாம் தவணை. ஆனால் அரசு சொல்லும் எண் நூறைத் தாண்டுகிறது, வீடு வீடாகப் போன சர்வே எழுபதுகளில் நிற்கிறது, இந்த இரண்டு நிறுவனங்களின் மதிப்பீடு இன்னொரு எண்ணாக இருக்கிறது. இருக்கிற குழந்தைகளைவிட அதிகம் பேருக்கு எப்படி ஊசி போட முடியும்?

இன்னொன்று. கவரேஜ், அதாவது போட வேண்டிய குழந்தைகளில் போட்டவர்களின் சதவீதம், 90க்கு மேல் இருந்தால் திட்டம் நன்றாக நடக்கிறது என்று எழுதிவிடலாமா? அப்படிக் காட்டும் இடங்களிலும் தட்டம்மை பரவுகிறதே. அதிலும் நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்று ஒரு செய்தியில் படித்தேன். எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

பகுதிஎண்:

நூறைத் தாண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் எண்தான். பள்ளிக்கூடத்தில் படித்த தொகுதி, பகுதி ஞாபகம் இருக்கிறதா? தொகுதி, போட்ட ஊசிகளின் எண்ணிக்கை. பகுதி, அந்த வருடம் பிறந்து உயிரோடு இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை. பல நாடுகளில் இதை யாரும் நேரில் எண்ணுவதில்லை. எப்போதோ எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்த வருடம் இத்தனை பிறந்திருக்கும் என்று கணிப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் வயல்வெளியாக இருந்த இடம் இன்று குடியிருப்பாக இருந்தால் அங்கே 130 சதவீதம் காட்டும், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரில் எத்தனை ஓடி ஓடிப் போட்டாலும் 60தான் காட்டும். இரண்டு இடத்திலும் ஊசி போடுபவர் ஒரே மாதிரி வேலை செய்திருக்கலாம்.

சர்வேயிலும் ஓட்டை உண்டு. பழைய முறையில் 30 இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்கு 7 குழந்தைகள் என்று 210 பேரைப் பார்ப்பார்கள். அதில் பத்து புள்ளி மேலே கீழே போவது சாதாரணம், அதனால் அப்படி வந்த 84ஐயும் 88ஐயும் வைத்துக்கொண்டு 'முன்னேற்றம்' என்று தலைப்புப் போடாதீர்கள். அட்டை தொலைந்த வீட்டில் தாயின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும். மூன்று தவணை போட்ட குழந்தைக்கு இரண்டு என்று சொல்வார்கள், மாற்றியும் சொல்வார்கள்.

அந்த மூன்றாவது எண் இந்த இரண்டையும் உரசிப் பார்த்துச் செய்யும் மதிப்பீடு. அதில் ஒரு வழக்கம் உண்டு, புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடறுவது இங்கேதான்: ஒவ்வொரு வருடமும் ஜூலையில் புதுப் பதிப்பு வரும்போது பழைய வருடங்களின் எண்களையும் சேர்த்துத் திருத்துவார்கள். போன வருடம் இறக்கிய தாளையும் இந்த வருடத் தாளையும் ஒப்பிட்டால், நடக்காத சரிவெல்லாம் நடந்த மாதிரி தெரியும். கடைசிப் பதிப்பை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எவ்வளவு நம்பலாம் என்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

அப்புறம் பணம். 'கவி' என்ற தடுப்பூசிக் கூட்டமைப்பு 2000இல் தொடங்கியது. மூன்றாம் தவணை முடித்த ஒவ்வொரு கூடுதல் குழந்தைக்கும் 20 டாலர் வீதம் அரசுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் அரசுகள் தாங்களே சொன்ன கணக்கை வைத்து. 2008இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு அதை சர்வேக்களோடு ஒப்பிட்டபோது, அரசுகள் சொன்ன உயர்வில் ஏறத்தாழப் பாதிதான் தேறியது. எண்ணுக்குக் கூலி கொடுத்தால் எண் வளரும்.

வெள்ளைச்சேலை:

நான் பன்னிரண்டு வருடம் ஊசி போட்டவள். பகுதி தப்பு என்று மேலே இருக்கும் நண்பர் சொல்லிவிட்டார், தொகுதி எப்படித் தப்பாகிறது என்று நான் சொல்கிறேன். ஒரு குழந்தை வந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், தாயின் அட்டையில் எழுத வேண்டும், டேலி தாளில் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. கூட்டம் நெரியும் நாளில், ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டிருக்கும்போது, கோட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். மாலையில் காலிக் குப்பிகளை எண்ணிக் கோடு போட்டவர்களை எனக்குத் தெரியும். பத்து டோஸ் குப்பியில் எட்டுப் பேருக்குத்தான் போட்டிருப்போம், தாளில் பத்து விழும்.

அந்தக் குப்பியிலேயே இன்னொரு கதை இருக்கிறது. தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் முகாம் முடிந்ததும், எது முதலில் வருகிறதோ அப்போது மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். விதிப்படி ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும். ஆனால் மேலே இருப்பவர்கள் வீணான மருந்தின் சதவீதத்தையும் கேட்பார்கள். ஒரு மாதம் வீணடிப்பு அதிகம் என்று என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். அடுத்த முகாமில் இரண்டே குழந்தைகள் வந்தபோது, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஒரு தாய் திரும்ப வந்தாள். இன்னொருத்தி வரவே இல்லை. அந்த மாதம் என் வீணடிப்புக் கணக்கு மிக அழகாக இருந்தது.

அதனால் தம்பி, நீங்கள் கட்டுரையில் மொத்தக் கவரேஜை மட்டும் போடாமல் முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள். முதலாவதுக்கு வந்த 100 பேரில் மூன்றாவதுக்கு 75 பேர்தான் வந்தார்கள் என்றால், அந்தத் தாய்க்கு ஊசி வேண்டாம் என்றில்லை, ஒரு முறை வந்து பார்த்தவள்தானே. மருந்து தீர்ந்திருக்கும், திட்டியிருப்பார்கள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் விட்டுப்போனால் குறை எங்கள் பக்கம் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். தேதியையும் பாருங்கள். 9 மாதத்தில் போட வேண்டியதை 16 மாதத்தில் போட்டாலும் பல சர்வேக்களில் 'போட்டது' என்றுதான் விழும். நடுவில் அந்த ஏழு மாதம்?

சும்மாஒருவன்:

இவ்வளவு சிக்கல் எதற்கு? நோய் குறைந்தால் திட்டம் நன்றாக நடக்கிறது, கூடினால் நடக்கவில்லை. முடிந்தது கதை.

நாலாம்வாய்ப்பாடு:

நோய் இல்லை என்று அறிக்கை வந்தால், நோய் இல்லையா, தேடவில்லையா என்று எப்படித் தெரியும்? போலியோவில் இதற்கு ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார்கள். போலியோவே இல்லாத நாட்டிலும், வேறு காரணங்களால் திடீரெனக் கைகால் துவளும் பிள்ளைகள் 15 வயதுக்குட்பட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவராவது வருடத்துக்கு இருப்பார்கள். அந்த ஒருவரைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்லாத நாட்டின் 'போலியோ பூஜ்யம்' என்ற அறிக்கைக்கு மதிப்பில்லை.

கேள்வி கேட்டவருக்கு: அந்தத் தட்டம்மைச் செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காகிதத்தை எடுங்கள். 100 குழந்தைகள், 90 பேருக்கு ஒரு தவணை போட்டாயிற்று. 9 மாதத்தில் போடும் ஒரு தவணை ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குத்தான் பிடிக்கும். ஆக, போட்டும் பிடிக்காதவர்கள் 13 அல்லது 14 பேர், போடாதவர்கள் 10 பேர். வைரஸ் வந்து எல்லோரையும் தொட்டால், நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் போட்ட 90 பேரில் 14 பேருக்கு வந்தது, போடாத 10 பேரில் பத்துப் பேருக்கும் வந்தது. செய்தியில் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள். போட்டவர்கள் விகிதம் கூடக்கூட இந்த வேடிக்கையும் கூடும். எல்லோருக்கும் போட்டுவிட்டால், நோய் வருபவர் எல்லோரும் போட்டவர்தான்.

அதே கணக்கை நீட்டுங்கள். வருடத்துக்கு நூற்றுக்கு 23, 24 பேர் பாதுகாப்பில்லாமல் மிஞ்சுகிறார்கள். நாலு வருடத்தில் ஒரு முழு வருடத்துப் பிள்ளைகள் அளவுக்கு ஆள் சேர்ந்துவிடும், அதன் பிறகு தட்டம்மை வெடிக்கும் அபாயம் அதிகம். இரண்டு தவணை, இரண்டிலும் 95 சதவீதம் என்று கேட்பது இதனால்தான். 90 என்ற தேசியச் சராசரி ஒன்றும் சொல்லாது. அந்தப் பத்துப் பேர் நாடு முழுக்கச் சிதறியிருக்கிறார்களா, ஒரே பேட்டையில் குவிந்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

உலக அளவில் ஒரு உதாரணம். 2025 ஜூலைப் பதிப்பின்படி 2024இல் டிபிடி முதல் தவணை 89 சதவீதம், மூன்றாவது 85. நடுவில் விட்டவர்கள் ஏறத்தாழ 60 லட்சம். ஒரு ஊசியும் போடாதவர்கள் 1.43 கோடி. ஒவ்வொரு நாட்டுக்கும் இதே பிரிவைப் போட்டுப் பாருங்கள். சில நாடுகளில் கதவு வரை வந்தவர்களைத் தொலைக்கிறார்கள், சிலவற்றில் கதவு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே சதவீதத்தில் அடைத்தால் ஒப்பீடே வீண்.

அரைக்கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக அக்காவுக்கு. நாலு நாடுகளுக்குப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டில் முதல் தவணையே குறைவு, ஒன்றில் நடுவில் விடுகிறார்கள். நாலாவதில் அரசுக் கணக்குப்படி மூன்றாம் தவணை முதலாவதைவிட அதிகம். இது எப்படி?

வெள்ளைச்சேலை:

டேலி தாளில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டம் தம்பி. அதுவும் மூன்றாவதைத்தான் மேலே கேட்பார்கள்.

பகுதிஎண்:

அல்லது முதல் தவணையை வேறு மருத்துவமனையில் போட்டு, அவர்கள் அறிக்கை அனுப்பாமல் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த நாட்டை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.