வைன் வழியாகத் திறந்த கோப்புகள்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடி உறுப்பினர்:
அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் பிழைதிருத்தும் பொறுப்பு என்னுடையது. என் கணினியில் லினக்ஸ் வகையான உபுண்டு மட்டுமே இருந்தமையால், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7ஐ, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் மூலம் நிறுவி, அச்சகம் அனுப்பிய கோப்பை இரவில் திறந்தேன். அப்பாவின் படத்துக்குக் கீழே, அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கிடந்தன. பாமினி என்ற தமிழ் எழுத்துருவை வைனின் எழுத்துருக் கோப்புறையில் இட்டதும் பெயர் வந்துவிட்டது. தேவாரத்துக்கு அச்சகத்தார் வேறோர் எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தார். அது இல்லையென்று மென்பொருள் கேட்டபோது, பாமினியையே நிரந்தர மாற்றாகக் கொடுத்துச் சேமித்தேன். அச்சாகி வந்த மலரில் தேவாரத்தின் கடைசி அடி இல்லை. அம்மாவின் பிரதியில் அதைக் கையால் எழுதிக் கொடுத்தேன். விண்டோஸ் போல நடிக்கும் ஒன்றை நம்பியிருக்கக் கூடாது.

சம்மாந்துறை உறுப்பினர்:
சகோதரர் மன்னிக்க வேண்டும், வைன் நடிப்பதில்லை. 1993இல் தொடங்கிய அந்தத் திட்டம், மென்பொருள் விண்டோஸிடம் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருகிறது. மென்பொருளின் கட்டளைகள் நேரடியாகவே செயலியில் ஓடுகின்றன. எங்கள் நெல் ஆலையின் பழைய கணக்கு மென்பொருள் 16 பிட் எனும் பழைய வகையைச் சேர்ந்தது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்கவே மறுத்தது. லினக்ஸில் வைன் அதைத் திறந்து, 1998 பெரும்போகக் கணக்கைத் திரையில் காட்டியபோது வாப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அக்கரைப்பற்று உறுப்பினர்:
டொங்கிள் எனும் உரிமச் சாவியைக் கணினியில் செருகினால்தான் இயங்கும் தையல் வடிவமைப்பு மென்பொருள் ஒன்று எனக்கு வைனில் ஒருநாளும் திறக்கவில்லை. வன்பொருளைக் கணினியோடு இணைந்து இயங்கவைக்கும் இயக்கிகள் தேவைப்படும் இடங்களில் வைனோடு போராடாமல், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியில் விண்டோஸை நிறுவிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு, மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனியான வைன் கோப்புறையை வைத்து, சரியாக இயங்கும் நிலையில் அதை முழுமையாகப் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது. கல்லடி அண்ணனுக்கு நேர்ந்ததற்கு வைன் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. பாமினி அகலமாக அமைந்து வரிகளைக் கீழே தள்ளியிருக்கும். பேஜ்மேக்கரில் இடம் போதாத வரிகள் மறைந்துவிடும். பத்தியைச் சொடுக்கினால் மட்டுமே அதன் அடியில் சிவப்பு முக்கோணம் தெரியும். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பத்தியையும் சொடுக்கிப் பார்ப்பதோடு, அச்சகத்திடமிருந்து எழுத்துருக்களையும் கேட்டு வாங்குங்கள்.

கல்லடி உறுப்பினர்:
தம்பி, இப்போதுதான் அந்தக் கோப்பைத் திறந்து தேவாரத்தைச் சொடுக்கினேன். முக்கோணம் இருக்கிறது.