ஐ.நா. அமைதிப்படைக்கு உளவுப் பிரிவு உண்டா?

தேனிப்பையன்:
சர்வதேச உறவுகள் படிக்கிறேன். அமைதிப்படையில் உளவு வேலை எப்படி நடக்கிறது? பழைய ஆவணங்களில் எல்லாம் ‘தகவல்’ என்றுதான் இருக்கிறது.

ஓய்வுசுபேதார்:
உண்டு தம்பி, பெயரைச் சொல்லத்தான் கூச்சம். 1960களில் காங்கோவில் ‘ராணுவத் தகவல் கிளை’ என்று பெயர் வைத்துக்கொண்டு பிரிந்துபோன கடாங்கா மாகாணத்துப் படையின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். கொள்கையில் ‘உளவு’ என்ற சொல்லே 2017இல்தான் ஏறியது. அதிலும் ரகசியமாக வேவு பார்க்கத் தடை.

உளவைக் கவனிக்கும் பிரிவுக்குப் பட்டாலியனில் எஸ்2 என்று பெயர், படைத் தலைமையகத்தில் யு2. ராணுவம், போலீஸ், சிவிலியன் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து தகவலை அலசும் இடம் ஜேமேக் என்ற கூட்டு மையம்.

நான் 2012இல் கிழக்குக் காங்கோவின் வட கிவுவில் ஒரு கம்பெனி முகாமில் இருந்தேன். எங்கள் உளவு என்றால் ஒரு வரைபடம், ஒரு நோட்டு, ஸ்வாஹிலி பேசும் ஒரு உள்ளூர்ப் பையன். சந்தை நாளில் ஒரு பாதையில் வரும் பெண்கள் மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பக்கம் ஏதோ சரியில்லை என்பான். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 2010இல் அதே வட கிவுவில் லுவுங்கியிலும் பக்கத்து ஊர்களிலும் நான்கு நாட்கள் கிளர்ச்சிக்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். சுமார் 30 கிலோமீட்டரில் அமைதிப்படை முகாம். சேதி உடனே வந்து சேரவில்லை. அதற்குப் பிறகுதான் ஊர்களுக்குக் கைபேசி கொடுப்பதும் இப்படிப்பட்ட பையன்களை முகாமில் வைப்பதும் பெருகியது.

வரைபடவிரும்பி:
மாலியில் எல்லாம் நேரெதிர். 2014இல் நெதர்லாந்தும் ஸ்வீடனும் ட்ரோன், நிபுணர்கள் என்று அஸிஃபு என்ற தனி உளவுப் பிரிவே கொண்டுவந்தார்கள். ஆனால் அவர்களுடைய கணினி வலைப்பின்னல் தனியாக இருந்தது. வடக்கே கண்ணிவெடியில் செத்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்கப் படைகள் அதற்குள் நுழைய முடியவில்லை. பிறகு அதை யு2வோடு இணைக்க வேண்டியதாயிற்று.

தேனிப்பையன்:
ஐயா, அப்போ 1994 ருவாண்டா இனப்படுகொலை? அங்கேயும் தகவல் இல்லாததுதான் காரணமா?

ஓய்வுசுபேதார்:
இல்லை. 1994 ஜனவரி 11ஆம் தேதியே பதுக்கிவைத்த ஆயுதக் கிடங்கு பற்றி அங்கிருந்த அமைதிப்படைத் தளபதி டல்லேர் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பிவிட்டார். சோதனை போட அனுமதிதான் வரவில்லை. அதற்கு உளவுப் பிரிவு என்ன செய்யும்?

எனக்கு வேறொரு குறை. வருஷம் முடிந்தால் பட்டாலியனே மாறிவிடும். என் நோட்டை அடுத்து வந்த பஞ்சாபி ஹவில்தாரிடம் கொடுத்தேன். பாதி தமிழில் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது! கடைசியில் அந்தப் பையன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொன்னான்.