ஏரிகளில் நீலத் தாழைக்கோழி: ஒருமுறை பார்த்ததை வைத்து இருப்பைச் சொல்லலாமா?

சம்பங்கோரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் விலங்கியல் முதுநிலை படிக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மிகைநீரை அனுப்பும் தென்சென்னை ஏரிகளில் நீலத் தாழைக்கோழி எங்கெல்லாம் இருக்கிறது, ஏரியைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகப் பெருக அதன் இருப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே என் ஆய்வேட்டின் பொருள். முன்னோட்டமாக ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு விடியற்காலையில் சென்று, கரை நெடுக நடந்து, பறவை தென்பட்டால் 1 என்றும் தென்படாவிட்டால் 0 என்றும் குறித்துக்கொண்டேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து ஏரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலான கட்டடப் பரப்பின் விழுக்காட்டை எடுத்து, இரண்டையும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் (1, 0 என்ற விடையை ஒரு காரணியோடு தொடர்புபடுத்தும் புள்ளியியல் முறை) கொடுத்தேன்.

கட்டடம் மிகுந்த ஏரிகளில்தான் இந்தப் பறவை அதிகம் இருக்கிறது என்று விடை வருகிறது. சம்பும் கோரையும் மண்டிய நீர்நிலைகளில் வாழும் பறவை இது என்று படித்திருக்கிறேன். களத்தில் பார்த்ததும் அப்படித்தான். இந்த விடையை நகரத்துக்குப் பறவை பழகிக்கொண்டதன் அடையாளமாகக் கொள்ளலாமா, அல்லது ஆக்குபன்சி எனப்படும் வாழிட இருப்பு மாதிரிக்கு மாறினால்தான் உண்மை தெரியுமா? அந்த மாதிரிக்கு என் தரவு போதுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கலங்கல் (மறுமொழி)

வணக்கம். உங்கள் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. பறவையின் பழக்கத்தைப் பற்றி முடிவு செய்யும் முன்பு, கரையில் நின்ற உங்கள் கண்ணுக்கு எந்த ஏரியில் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதைக் கேளுங்கள். தூர்வாரிக் கரையைச் செப்பனிட்டு நடைபாதை போட்ட ஏரியில் செடிகொடி அகற்றப்பட்டிருக்கும். ஒரே ஒரு தாழைக்கோழி எஞ்சிய ஆகாயத்தாமரை மேல் நடந்து, வெள்ளை வாலடியை வெட்டி வெட்டிக் காட்டினாலும் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். புறநகரின் ஓரத்தில் ஆளுயரத்துக்குச் சம்பு வளர்ந்து நிற்கும் ஏரியிலோ, பத்துப் பறவைகள் உள்ளே தண்டைப் பிளந்து தின்றுகொண்டிருந்தாலும் வெளியே அசைவுகூடத் தெரியாது. நகரமயமாதல் பறவையை மட்டும் மாற்றுவதில்லை, நாம் பறவையைக் காணும் வாய்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது. உங்கள் ரிக்ரெஷன் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே எண்ணாகக் கொடுத்திருக்கிறது.

கற்பனைக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். சம்பு மண்டிய ஏரிகள் 20, சம்பு அகற்றிய ஏரிகள் 20 என்று வையுங்கள். முதல் வகையில் 14 ஏரிகளிலும் இரண்டாம் வகையில் 8 ஏரிகளிலும் பறவை உண்மையிலேயே இருக்கிறது. பறவை இருக்கும் ஏரிக்கு ஒருமுறை போனால் அதைக் காணும் நிகழ்தகவு சம்பு ஏரியில் 0.3, வெட்டவெளி ஏரியில் 0.8 என்று கொள்வோம். ஒருமுறை மட்டும் சென்றால் சம்பு ஏரிகளில் சராசரியாக 4 இடத்திலும் வெட்டவெளி ஏரிகளில் 6 இடத்திலும் பறவை பதிவாகும். உண்மை தலைகீழாகத் தெரியும். ஆகவே உங்கள் முடிவு வெறும் துல்லியக் குறைவாக மட்டும் இல்லாமல், திசையே மாறிப்போனதாகவும் இருக்கக்கூடும்.

மெக்கென்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆக்குபன்சி மாதிரி இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. ஒரே ஏரிக்கு ஒரே பருவத்தில் மூன்று முறை சென்று 1, 0, 1 என்று குறித்தால், பறவை அங்கே இருப்பது உறுதி. நடுவில் வந்த 0 பறவை இல்லாததால் வந்ததன்று, காணத் தவறியதால் வந்தது என்பதும் உறுதி. இத்தகைய வரிசைகளிலிருந்து காணும் வாய்ப்பை மாதிரி கற்றுக்கொள்கிறது. மூன்றும் 0 ஆக இருக்கும் ஏரியை அது 'பறவை இல்லை' என்று தள்ளிவிடுவதில்லை; பறவை இருந்தும் மூன்று முறையும் தவறியிருக்கலாம், உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டு வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன சம்பு ஏரிகளில், மூன்று முறையும் கண்ணில் படாத ஏரியிலும் பறவை இருப்பதற்கு ஏறத்தாழ 44 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

ஒருமுறை மட்டும் சென்ற தரவுக்கு இந்த மாதிரியைப் பொருத்த முனைய வேண்டாம். அதைக் களத்தை அறிய உதவிய முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, மறுபடியும் சென்று வாருங்கள். இருப்புக்கான காரணிகளையும் காண்பதற்கான காரணிகளையும் தனித்தனியே எழுதி வையுங்கள். கட்டடப் பரப்பு, நீர்ப்பரப்பு, அடுத்த ஏரிக்கு உள்ள தொலைவு ஆகியவை முதல் வகை. சென்ற நேரம், காற்று, சாலை இரைச்சல், கரையிலிருந்து எவ்வளவு நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பவை இரண்டாம் வகை. சம்பு அடர்த்தி இரண்டிலும் வரும். அதை அஞ்ச வேண்டியதில்லை, திரும்பத் திரும்பச் சென்ற தரவு இருந்தால் மாதிரி அவற்றைப் பிரித்தறியும்.

வெளிமான் (மறுமொழி)

கலங்கல் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மாதிரி எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதையும் இளைய ஆய்வாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதால் கிண்டியைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

கிண்டி 1978இல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். புள்ளிமானும் வெளிமானும் அங்கே உண்டு. பாதைகளில் நடந்து, மான் கூட்டம் பாதைக்கு எத்தனை மீட்டர் விலகி நிற்கிறது என்று அளந்து, தொலைவு கூடும்போது காணும் வாய்ப்பு எவ்வாறு குறைகிறது என்று கணித்து, அடர்த்தியை மதிப்பிடும் முறை இந்தியக் காடுகளில் பரவலாகக் கையாளப்படுகிறது. அந்த முறை சரியாக வர, நாம் நடக்கும் கோடுகள் நிலத்தில் சமவாய்ப்பாக அமைய வேண்டும். நம்மைக் கண்டு மான் நகரும் முன்பே தொலைவை அளந்துவிட வேண்டும். தொலைவோடு காணும் வாய்ப்பு குறைவதைக் காட்டும் வளைவு நம்பகமாகப் பொருந்தக் குறைந்தது 60 முதல் 80 பதிவுகளாவது வேண்டும். மனிதர்கள் நாள்தோறும் நடக்கும் பாதையையே கோடாக எடுத்தால், ஆளுக்குப் பழகிய புள்ளிமான் பாதையோரத்திலேயே மேயும். எண்ணிக்கை மிகையாக வரும். வெளிமான் பெரும்பாலும் திறந்த புல்வெளியை விட்டுப் போகாது; சீமைக் கருவேலமும் புதரும் அடைத்துக்கொண்ட பகுதியில் போட்ட கோடு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இவ்வளவு சிறிய இடத்தில், புல்வெளிகளில் ஒரே நேரத்தில் ஆட்களை நிறுத்தி முழுவதும் எண்ணுவதும், கொம்பின் அமைப்பைக் கொண்டு ஆண் வெளிமான்களைத் தனித்தனியே அடையாளம் காண்பதும், எந்தச் சிக்கலான மாதிரியையும் விட நேர்மையான விடையைத் தரும் என்பது என் கருத்து.

ஏரிகளுக்கு இது பொருந்தாது. அங்கே முழுவதும் எண்ண வழியில்லை. ஆகவே ஆக்குபன்சி மாதிரி தக்கதே.

சம்பங்கோரை

இருவருக்கும் மிக்க நன்றி. வெட்டவெளி ஏரியைப் பற்றிய விளக்கத்தைப் படித்ததும் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். 1 என்று குறித்த ஏரிகளில் பெரும்பாலானவை நடைபாதை போட்டவையே. இன்னும் இரண்டு கேள்விகள். கோடையில் நீர் வற்றுவதற்குள் பலமுறை செல்வது கடினம் என்பதால், ஒரே காலையில் இரண்டு நண்பர்கள் தனித்தனியே பார்த்துக் குறித்தால் அதை இரண்டு வருகைகளாகக் கொள்ளலாமா? இணையத்தில் பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் பதிந்த பட்டியல்களையும் இதனோடு சேர்க்கலாமா?

கலங்கல்

தனித்தனியே பார்ப்பது ஏற்கத்தக்க முறைதான். இருவரும் பேசிக்கொள்ளாமல், ஒருவர் கை நீட்டுவதை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். ஆனால் அது தீர்ப்பது பாதிச் சிக்கலை மட்டுமே. பறவை வெளியே நின்றும் ஒருவர் காணத் தவறியதை மற்றவரின் குறிப்பு காட்டிக்கொடுக்கும். அந்தக் காலை முழுவதும் பறவை சம்புக்குள்ளேயே இருந்துவிட்டால் இருவருமே 0 என்றுதான் எழுதுவீர்கள். மாதிரி அதை 'இல்லை' என்று நம்பிவிடும். உங்கள் ஆய்வில் இடர் தருவது இந்த இரண்டாவது வகைதான். எனவே வெவ்வேறு நாட்களில் செல்வதை விட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகளில் நீர் நிலைத்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் எல்லா வருகைகளையும் முடித்துக்கொண்டால், பருவத்துக்குள் ஏரியில் பறவை இருக்கிறதா இல்லையா என்ற நிலை மாறாது என்ற மாதிரியின் அடிப்படை எடுகோளும் ஓரளவு காப்பாற்றப்படும். ஏப்ரல், மே வரை இழுத்தால், வற்றிய ஏரியிலிருந்து பறவைகள் நீருள்ள ஏரிக்கு இடம் பெயரும்; அப்போது நீங்கள் மதிப்பிடுவது 'வாழும் ஏரிகள்' அல்ல, 'பயன்படுத்தும் ஏரிகள்' என்றாகிவிடும். அதிலும் பொருளுண்டு, ஆய்வேட்டில் அப்படியே பெயரிட்டு எழுத வேண்டும்.

இ-பேர்டில் முழுமையான பட்டியல் (அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்த பட்டியல்) என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்த நேரம், நடந்த தொலைவு, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காணும் வாய்ப்பின் காரணிகளாகக் கொடுங்கள். ஆர்வலர்கள் பள்ளிக்கரணைக்கும் பெரும்பாக்கத்துக்கும் போவது போல் பேர்தெரியாத ஏரிக்குப் போவதில்லை என்பதால், பட்டியலே இல்லாத ஏரியைப் பறவை இல்லாத ஏரியாக எண்ணிவிட வேண்டாம்.

ஒன்றைக் கேட்காமலே சொல்கிறேன். இந்த ஏரிகள் ஒன்றன் கலங்கலிலிருந்து, அதாவது மிகைநீர் வழியும் இடத்திலிருந்து, அடுத்ததற்கு நீர் போகும் சங்கிலி. பக்கத்து ஏரியில் பறவை இருந்தால் இங்கும் இருக்கும் வாய்ப்பு கூடும். எனவே அவை ஒன்றுக்கொன்று சார்பற்ற இடங்கள் அல்ல. அருகிலுள்ள ஏரியின் தொலைவையோ நீர்வழித் தொடர்பையோ ஒரு காரணியாகச் சேருங்கள். ஆனால் முப்பது நாற்பது ஏரிகளை வைத்துக்கொண்டு பத்துக் காரணிகளை ஏற்றாதீர்கள். கட்டடப் பரப்பும் சாலை நீளமும் இரவு விளக்கொளியும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறுபவை, அவற்றுள் ஒன்று போதும்.

வெளிமான்

கடைசியாக ஒன்று மட்டும். வெட்டவெளி ஏரியில் பறவை இருப்பதாகவே மாதிரி சொன்னாலும், அது அங்கே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிறதா என்பதை இருப்பு மாதிரி சொல்லாது. பள்ளிக்கரணையில் பிறந்த பறவைகள் ஆண்டுதோறும் வந்து நிரப்புவதால் மட்டுமே அந்த ஏரியில் பறவை தென்படலாம். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்தச் சதுப்பு நிலத்தின் பரப்பு 1,247.54 ஹெக்டேர்; முன்பு அது இதைப் போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. அது மேலும் குறுகினால் சுற்றியுள்ள ஏரிகளும் சில ஆண்டுகளில் வெறுமையாகலாம்; அதுவரை உங்கள் வரைபடம் எல்லாம் நலமாக இருப்பது போலவே காட்டும். எனவே ஒவ்வொரு வருகையிலும் குஞ்சோடு நடக்கும் பறவையையும் கூட்டையும் கண்டால் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள், தங்கை. 0, 1 என்பதோடு 'குஞ்சுடன்' என்பதற்கு 2 என்று எழுதினால் போதும். அதற்கேற்பப் பல நிலைகளைக் கையாளும் ஆக்குபன்சி மாதிரி உள்ளது, இப்போது தயார்நிலையில் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் நிரல்தொகுப்புகளிலேயே அதைப் பொருத்த முடியும்.