தடை தாண்டும் குதிரைப் பந்தயம்: முதல் நாளே தேர்ந்தெடுத்த குதிரையும் மறக்க முடியாத ஓட்டமும் (அனுபவப் பகிர்வு: மன்றத்தில் பலர் எழுதியது; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கடைசி ஹர்டில்:

செல்டனம் விழாவின் 2020 டிரையம்ப் ஹர்டிலை (ஹர்டில் எனப்படும் தாழ்வான தடைகளைத் தாண்டும் பந்தயம்) இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோஷனை நான் தேர்ந்தெடுத்ததில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஃபான்ட்வெல், சாண்டவுன், ஆஸ்காட் ஆகிய மூன்று தடங்களிலும் கூட ஓடிய குதிரைகளை எங்கோ பின்னால் விட்டுவிட்டு வந்த நான்கு வயதுக் குதிரையை அன்று பாதி இங்கிலாந்து தேர்ந்தெடுத்திருந்தது. என்னை இன்னும் உறுத்துவது அந்தக் கடைசி ஹர்டில் மட்டுமே. பத்து லென்த்துக்கு (ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) குறையாத முன்னிலையில் வந்த குதிரை ஹர்டிலைத் தாண்டித் தரையில் காலூன்றிய கணத்தில், பின்னங்கால் லாடம் முன்னங்கால் லாடத்தில் மாட்டிக்கொண்டது. ஜாக்கி ஜேமி மூர் பக்கவாட்டில் சரிந்து புல்லில் விழுந்தார். குதிரை விழவில்லை என்பதுதான் வேதனை. அது தடுமாறி நிமிர்ந்து, முதுகில் ஆளில்லாமலே ஏற்றத்தை நோக்கி ஓடியது. பின்னால் வந்த பர்னிங் விக்டரி வென்றது.

அந்த ஓட்டம் முழுவதும் இன்று பதிவில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தாக, ஜாக்கி தவறி விழுந்தார் என்ற குறிப்பாக மட்டுமே இருக்கிறது. மறுநாள் பந்தயங்களுக்குக் குதிரைகளின் பழைய ஓட்டங்கள் அச்சிட்ட பந்தய அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்காரும்போது, இப்படிப்பட்ட எழுத்தை நீங்கள் எவ்வாறு எடைபோடுகிறீர்கள்? உங்களுக்கு நேர்ந்த ஓர் ஓட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வலப்பக்கம்:

அதை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கோஷன் தாண்டும்போது வலப்பக்கம் சாய்கிற குதிரை என்பது ஆஸ்காட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. செல்டனமோ இடப்பக்கம் திரும்பும் தடம். அடுத்த ஆண்டு சாம்பியன் ஹர்டிலுக்கு முன்கணிப்பு எழுதியபோது இந்த ஒரே காரணத்துக்காக அதன் பெயரை அடித்துவிட்டேன். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த குதிரை ஒரு வளைவில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. எப்படியாவது திரும்பிவிட வேண்டுமே என்றுதான் இருந்தது. வலப்பக்கம் திரும்பும் விங்கன்டனில் அதே குதிரை 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் கிங்வெல் ஹர்டிலை வென்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி ஹர்டில்:

ஃபான்ட்வெல்லின் ஹர்டில் தடமும் இடப்பக்கம் திரும்புவதுதானே? அங்கே அது சிரமமின்றி வென்றது. தவிர, லாடத்தில் லாடம் மாட்டுவதற்கும் வலப்பக்கம் சாய்வதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி:

உங்களுக்கு ஒரு பந்தயம் போயிற்று. எங்கள் தெருவில் நான்கு பந்தயங்கள் ஒன்றாகப் போயின. 2015 செல்டனம் விழாவின் முதல் நாள் அது. வில்லி மல்லின்ஸ் பயிற்சி, ரூபி வால்ஷ் சவாரி என்று நான்கு குதிரைகளை ஒரே சீட்டில் கோத்து, நான்கும் வென்றால்தான் பணம் என்று கட்டாதவர்கள் அன்று எங்கள் தெருப் பந்தயக் கடையில் யாரும் இல்லை. டூவான் வென்றது, அன் டி சோ வென்றது, ஃபோகீன் வென்றது. மிஞ்சியிருந்தது ஆனி பவர். அதுவும் கடைசி ஹர்டிலுக்குத் தெளிவான முன்னிலையில் வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சிறிதளவு கசங்கியிருந்த அதன் மூலையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் நீட்டும்போது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. குதிரை மிகத் தொலைவிலேயே எழும்பி, ஹர்டிலில் இடித்துக் கவிழ்ந்தது. அவர் நீவுவதை நிறுத்தவில்லை. வென்ற கிளென்ஸ் மெலடியும் மல்லின்ஸின் குதிரைதான் என்பதைப் பக்கத்தில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னபோது, அவரை எல்லோரும் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஒரு வீழ்ச்சியால் புக்கிகளுக்குக் கோடிக்கணக்கான பவுண்டு மிச்சமானதாகப் பத்திரிகைகள் எழுதின.

தேர்வில் என்ன குறை இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? நான்கு குதிரைகளையும் இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதே நான்கைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய கிண்டிக்காரன்:

இளமையில் கிண்டியில் பந்தயம் பார்த்துப் பழகியவன் நான். இப்போது மகன் வீட்டில், லெஸ்டரில் இருக்கிறேன். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னைப் பந்தயக் கழக வழக்கில் சொன்னதை இங்கே யாரும் மறந்துவிடக் கூடாது. படித்துத் தேர்ந்தெடுப்பவனுக்கும் பெயர் பிடித்திருக்கிறது என்று தேர்ந்தெடுப்பவனுக்கும் வேறுபாடு உண்டு.

என் அனுபவம் சாண்டவுனில் நேர்ந்தது. தூரத்துப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி மூன்று தடைகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். முதலாவதைச் சரியாகத் தாண்டினால் மற்ற இரண்டும் தாமாகவே சரியாக அமையும் என்பார்கள். நான் தேர்ந்தெடுத்திருந்த குதிரை வேகத்தில் அன்றைய கூட்டத்திலேயே சிறந்தது. நேரக்கணக்குப் பார்த்து, கிண்டியில் பார்ப்பதுபோலவே, அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: முதல் தடைக்கு ஒரு காலடி முன்னதாக வந்துவிட்டது, ஜாக்கி உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் நீட்டிக் கடிவாளத்தைத் தளர விட்டார், குதிரை எப்படியோ தாண்டியது. இரண்டாவதிலும் அதே இழுபறி. மூன்றாவதை அது தாண்டி முடித்தபோது, மூச்சு வாங்கவே நேரமில்லாமல் நான்காவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டது. விழவில்லை, நிற்கவில்லை, பதிவில் அதற்கு எழுத்துகூடக் கிடையாது. அந்த ஓட்டத்தில் என்ன நடந்தது என்பதை அட்டையை மட்டும் படிக்கும் ஒருவர் என்றைக்கும் அறியமாட்டார்.

ஈரத்தரை:

கிண்டிக்கார ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் தீர்ப்பு தடை இல்லாத பந்தயத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை மரியாதையுடன் குறிப்பிட விரும்புகிறேன். அங்கே குதிரை புறப்படும் கதவின் எண்ணைப் பார்ப்பீர்கள்; இங்கே கதவே இல்லை, குறுக்கே கட்டிய நாடாவை விடுவித்ததும் ஓடுகிறார்கள். அங்கே ஒரு நொடியில் வெற்றி தீர்மானமாகும். இங்கே மூன்று மைல் சேற்றில் யாருக்கு மூச்சு மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

என் அனுபவம் சிறியது: நல்ல தரைக்கென்று இரவில் தேர்ந்தெடுத்த குதிரை, விடியற்காலை மழையில் மென்மையாகிவிட்ட தரையில் இருபது லென்த் பின்தங்கியது. அதனால் புதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்கணிப்பை இரவில் எழுதலாம், ஆனால் காலையில் தரையின் நிலையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. செல்டனம் விழாவில் செவ்வாயும் புதனும் பழைய தடம், வியாழனும் வெள்ளியும் புதிய தடம். புதிய தடத்தில் கடைசி ஆறு ஃபர்லாங்கில் ஏறத்தாழ இரண்டே ஹர்டில்கள் இருப்பதால், தாண்டுவதில் கெட்டிக்காரக் குதிரையைவிட ஓடுவதில் வலுவுள்ள குதிரைக்கு அது இடம் கொடுக்கும். கெம்டன் தட்டையானது, வலப்பக்கம் திரும்புவது. அங்கே ஓடும் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் வென்றது என்பதற்காகவே ஒரு குதிரையைச் செல்டனத்தின் தங்கக் கோப்பைக்குக் கொண்டுபோகாதீர்கள். டெசர்ட் ஆர்க்கிட் 1989இல் பனியும் மழையும் குழைத்த சேற்றில், தனக்குப் பிடிக்காத இடப்பக்கத் தடத்தில், சேற்றுக்கே பேர்போன யாஹூவை வென்றதே என்று கேட்பீர்கள். அப்படிப்பட்ட குதிரைகள் நூற்றுக்கு ஒன்று.

மூச்சுக்குழல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குதிரையை 2018 ஜனவரி முதல் பிரிட்டனில் அறிவித்தாக வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறியைக் கவனியுங்கள். ஈச்-வே (வெற்றிக்கும் முதல் சில இடங்களுக்கும் சேர்த்து) கட்டுபவர்கள் குதிரைகளின் எண்ணிக்கையைக் காலையில் மறுபடி எண்ண வேண்டும். வழக்கமான விதிப்படி பதினாறு குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப்பில் (திறமைக்கேற்ப எடை சுமத்தும் பந்தயத்தில்) நான்கு இடங்களுக்குப் பணம் உண்டு; ஒன்று விலகிப் பதினைந்தானால் மூன்று இடங்களுக்கே உண்டு, இடத்துக்கான விகிதம் மட்டும் வெற்றி விலையில் நான்கில் ஒன்றாகவே இருக்கும். கிராண்ட் நேஷனலில் பழைய புள்ளிவிவரங்களை அப்படியே நம்பாதீர்கள்: 2024 முதல் நாற்பதுக்குப் பதிலாக முப்பத்து நான்கு குதிரைகளே ஓடுகின்றன, முதல் தடையும் புறப்படும் இடத்துக்கு அருகில் நகர்த்தப்பட்டுவிட்டது. இறுதியாக, ஒரு நாளில் ஏழு பந்தயங்கள் இருந்தால் ஏழிலும் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; இரண்டைத் தேர்ந்தெடுத்து ஐந்தை வேடிக்கை பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

அறிவுரைக்கு நன்றி. ஆனி பவருக்கு இதில் எது பொருந்தும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

குளிர்கால வெயில்:

தரை மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். தடையே காணாமல் போகும் என்பதை யாரும் எழுதவில்லை. டிசம்பர் மாதத்தில், தென்மேற்கு இங்கிலாந்தின் ஒரு தடத்தில், வேகம் குறைவானாலும் தடைக்குத் தடை ஒரு லென்த் சம்பாதிக்கக்கூடிய ஒரு வயதான சேஸ் (ஹர்டிலைவிட உயரமான தடைகளைத் தாண்டும் பந்தயம்) குதிரையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். என் முன்கணிப்பு முழுவதும் கடைசி நேர்ப்பாதையின் தடைகளையே நம்பியிருந்தது. பிற்பகலில் சூரியன் தாழ்ந்து நேராகக் குதிரைகளின் கண்ணில் அடித்ததால், பந்தயத்துக்குச் சற்று முன்பு நேர்ப்பாதைத் தடைகள் தாண்ட வேண்டியவற்றிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்வதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சேஸ் என்று அச்சிட்ட பந்தயத்தில், கடைசி அரை மைலுக்குமேல் ஒரு தடையும் இல்லாமல், குறுக்கே நிற்கும் வேலிகளைச் சுற்றிக்கொண்டு எல்லாக் குதிரைகளும் வெறுமனே ஓடிவந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய குதிரை நீக்கப்பட்ட ஒவ்வொரு தடைக்கும் நேராகக் காதுகளை முன்னால் விறைத்தது. ஜாக்கி அதை விலக்கிக் கொண்டுபோனார். ஹர்டிலிலிருந்து அப்போதுதான் சேஸுக்கு வந்திருந்த, தடையைக் கண்டாலே திணறும் ஓர் இளங்குதிரை அதைக் கடந்து வென்றது. கிண்டிக்கார ஐயா அன்று பக்கத்தில் இருந்திருந்தால் சரியான குதிரையைச் சொல்லியிருப்பார்.

பழைய கிண்டிக்காரன்:

சொல்லியிருப்பேன்.

மேட்டில் நிற்பவர்:

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2025 சாம்பியன் ஹர்டிலுக்கு முன்னால் கான்ஸ்டிடியூஷன் ஹில் ஓடிய பத்திலும் வென்றிருந்தது. பதிவில் எந்த எழுத்தும் இல்லை. ஐந்தாவது ஹர்டிலில் அது விழுந்தபோது எங்களைச் சுற்றியிருந்த கூட்டம் கூச்சலிட்டது. கடைசி ஹர்டிலில் முன்னிலையில் இருந்த ஸ்டேட் மேனும் விழுந்தபோது கூச்சலிடக்கூடத் தோன்றாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 25க்கு 1 என்று நின்ற கோல்டன் ஏஸ் வென்றது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்மணி அதைக் கட்டியிருந்தார், காரணம் கேட்டேன். பெண் குதிரைகளுக்கான பந்தயத்தில் லாசிமவுத் என்ற வலுவான குதிரை இருப்பதால்தான் இதை இங்கே ஓட்டுகிறார்கள், ஓடவிடும் உரிமையாளருக்கே நம்பிக்கை இருக்கும்போது தனக்கென்ன என்றார். இதைவிடத் தெளிவான முன்கணிப்பை அன்று நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

எழுத்தை எடைபோடுவது பற்றிச் சொல்வதானால், ஒரே விதி கிடையாது. கலோபன் டி ஷாம்ப் 2022 விழாவில் கடைசித் தடையில், வென்றுவிட்ட பந்தயத்தில் விழுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் தங்கக் கோப்பை அதற்கே. கான்ஸ்டிடியூஷன் ஹில்லின் வீழ்ச்சியையும் அப்படியே எண்ணி மூன்று வாரங்களில் ஏன்ட்ரி தடத்தில் மறுபடி கட்டியவர்கள், அது மறுபடி விழுவதைப் பார்த்தார்கள். விழுந்த ஓட்டத்தின் காணொளியைப் பார்த்து, களைத்து விழுந்ததா, அவசரத்தில் முன்னதாகவே எழும்பியதா, இல்லை, கோஷனைப்போலச் சரியாகத் தாண்டிய பிறகு தரையில் ஏதோ ஆனதா என்று பிரித்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதலாவது வகையானால் தூரம் குறைந்த பந்தயத்தில் அதை மறுபடி பார்ப்பேன். இரண்டாவது வகையானால் ஒரு முறையாவது ஒழுங்காகத் தாண்டி முடிக்கும்வரை தொடமாட்டேன். மூன்றாவது வகையில் விலை (வென்றால் கிடைக்கும் மடங்கு) ஏறியிருந்தால் கட்டாயம் கட்டுவேன்.

வலப்பக்கம்:

மூன்றாவது வகையில் கோஷனைச் சேர்ப்பதை நான் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.