லிஸ்ட் லூப் முடிந்த பின் பாயின்டர் ஏன் 'நல்' ஆவதில்லை?

செல்லூர்க்காரன்:
வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள மின்னணுத் தராசுகளை ஒரு சிறிய லினக்ஸ் போர்டுடன் இணைக்கும் டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) இப்போது நான் பராமரித்து வருகிறேன். இணைந்திருக்கும் தராசுகள் ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததின் முகவரியை வைத்திருக்கும் பட்டியலில்) இருக்கின்றன. பட்டியலை ஒவ்வொரு உறுப்பாகச் சுற்றிவரும் 'லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி' மேக்ரோவால் தராசு எண்ணைத் தேடி, லூப் முடிந்ததும் பாயின்டர் (முகவரியைத் தாங்கும் மாறி) 'நல்'தானா, அதாவது எதையும் சுட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. பதிவாகாத எண் வந்தால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போய், தொடர்பில்லாத நினைவகத்தில் எடையை எழுதிவிடுகிறது. கழற்றிய தராசுகளை நீக்கும் லூப்பிலும் கர்னல் ஊப்ஸ் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தரும் பிழைச் செய்தி) வருகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

நாகமலை:
இரண்டும் வெவ்வேறு. முதலாவதைச் சொல்கிறேன். கர்னலின் லிஸ்ட் வட்டமானது. அதன் தலை (தொடக்கக் கண்ணி) எந்தத் தராசின் ஸ்ட்ரக்சருக்குள்ளும் (தரவுத் தொகுப்புக்குள்ளும்) இல்லை. பொருத்தம் கிடைக்காமல் சுற்று தலைக்கே திரும்பும்போது, தலையின் முகவரியிலிருந்து ஆஃப்செட்டை (ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து கண்ணி இருக்கும் தொலைவை) கழித்து, அங்கே ஒரு தராசு இருப்பதாகவே மேக்ரோ கணக்கிட்டுவிடுகிறது. அந்த முகவரி போலியானதே தவிர 'நல்' அல்ல. ஆகவே உங்கள் சோதனை ஒருநாளும் பலிக்காது. 'ஃபவுண்ட்' என்று தனிப் பாயின்டர் ஒன்றை 'நல்' மதிப்புடன் தொடங்கி, எண் பொருந்தும் இடத்தில் மட்டும் அதில் முகவரியை இட்டு பிரேக் செய்யுங்கள்; லூப்புக்கு வெளியே சுற்று மாறியை (லூப் ஒவ்வொரு உறுப்பாக நகர்த்தும் பாயின்டரை) தொடவே வேண்டாம். இவ்வகைப் பிழைகளைப் பற்றி 2022-இல் எழுந்த விவாதம்தான் கர்னல் 5.18 பதிப்பில் சி மொழியின் பழைய தரமான சி89-ஐ விட்டுப் புதிய சி11-க்கு மாறக் காரணமாயிற்று. ஆனாலும் இந்த மேக்ரோ இன்றும் வெளியே அறிவித்த மாறியையே கேட்கிறது என்பதால், கவனம் நம் பொறுப்புதான்.

வைகைக்கரை:
நீக்கும் லூப்பில் நடப்பது வேறு. 'லிஸ்ட்_டெல்' செய்து (பட்டியலிலிருந்து எடுத்து) 'கேஃப்ரீ'யும் செய்த (நினைவகத்தை விடுவித்த) பிறகு, அடுத்த உறுப்புக்குப் போக லூப் அதே விடுவித்த நினைவகத்தைத்தான் படிக்கிறது. 64 பிட் போர்டாக இருந்து, ஊப்ஸ் செய்தியில் 'டெட்' என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அது நீக்கிய உறுப்பில் கர்னலே இட்டுவைக்கும் நச்சு மதிப்பு. 'சேஃப்' என்று முடியும் மேக்ரோ அடுத்த உறுப்பை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்: நடப்பு உறுப்பை அதே லூப் நீக்குவதற்கு மட்டுமே அது பாதுகாப்பு, வேறொரு திரெட் (இணையாக ஓடும் செயல்) அடுத்த உறுப்பை நீக்கினால் அது காப்பாற்றாது. தேடுவதும் நீக்குவதும் ஒரே லாக்கின் கீழ் நடக்கின்றனவா?

செல்லூர்க்காரன்:
நீக்கும் பகுதியில் மட்டும் மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் லாக்) இருந்தது, தேடும் பகுதியில் இல்லை.

வைகைக்கரை:
அப்படியானால் தேடலையும் அதற்குள் கொண்டுவாருங்கள். 'ஃபவுண்ட்' பாயின்டரில் எடையை எழுதி முடிக்கும் வரை மியூட்டெக்ஸை விட்டுவிடக் கூடாது; விட்ட கணத்தில் அந்தத் தராசு நீக்கப்படலாம். இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்தும் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் நிரலிலிருந்தும்) தேடுவதாக இருந்தால் மியூட்டெக்ஸ் உதவாது, தூங்காமல் காத்திருக்கும் ஸ்பின்லாக்தான் வேண்டும்.

நாகமலை:
டிரைவரின் மற்ற லூப்களையும் பார்த்துவிடுங்கள். கர்னல் மூல நிரலில் 'ஸ்கிரிப்ட்ஸ்' அடைவுக்குள் காக்சினெல் (நிரலில் பிழை வடிவங்களைத் தேடும் கருவி) விதிகள் இருக்கின்றன. லூப்புக்குப் பின் சுற்று மாறியைப் பயன்படுத்தும் இடங்களை 'மேக் காக்சிசெக்' கட்டளை காட்டிக் கொடுக்கும்.

செல்லூர்க்காரன்:
மிக்க நன்றி. மூன்று மாற்றங்களையும் செய்து, கேசான் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வசதி) இயக்கிய கர்னலில் ஓட்டிப் பார்த்தேன். பதிவாகாத எண்ணுக்கு இப்போது பிழைக் குறியீடு ஒழுங்காகத் திரும்புகிறது. காக்சினெல் வேறொரு ஃபைலிலும் இதே வடிவத்தைக் காட்டியிருக்கிறது. அதற்கான திருத்தத்தைத் தனி பேட்ச்சாக அனுப்புகிறேன்.