பழைய மாருதி 800: நின்றால் நடுக்கம், மிதித்தால் திணறல்

செங்கோட்டை மளிகை கேட்டது:

1997 மாடல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டர் உள்ள வண்டி. மாமனார் வைத்திருந்தது, இப்போது என் கையில். புனலூர் பக்கம் மிளகு, கிராம்பு எடுக்கப் போவது வருவதெல்லாம் இதில்தான்.

மிதிக்காமல் ஐடிலிங்கில் விட்டால் கியர் கம்பி கையில் குதிக்கிறது. பிரானூர் புரோட்டாக் கடைகள் முன்னால் கேரளா வண்டிகள் குறுக்கே நிற்கும்போது ஆஃப் ஆகியே போகிறது. அப்புறம், ஆக்சிலேட்டரை மிதித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகுதான் இழுக்கும். புளியரை எஸ் வளைவில் பின்னால் சரக்கு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வர, இது தயங்கித் தயங்கி ஏறும்.

பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிது. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டார்கள். அதற்கு முன் திணறல் மட்டும்தான் இருந்தது. காலையில் சோக் இழுத்து வைத்திருக்கும் வரை ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது. இப்போது கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? எல்லாம் இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலின் வேலை என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.

கடையநல்லூர் பைபாஸ்:

மூன்று சிலிண்டர் வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும் அண்ணே. ஆனால் ஆஃப் ஆகக்கூடாது. குற்றாலச் சாரல் நேரத்தில் என் வண்டிக்கும் இதே கதைதான், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, ஓடுகிற எஞ்சினின் பிளக் ஒயர் மேல் தண்ணீரைப் பனி போல லேசாக ஸ்பிரே பண்ணுங்கள். கரண்ட் கசிந்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

புளியரை பழைய மெக்கானிக்:

மளிகைத் தம்பி, கார்ப்பரேட்டர் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால் திரும்பப் பெட்டியில் போடுங்கள். பதில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

சோக் இழுத்தால் ஒழுங்காக ஓடுகிறது என்றீர்கள். சோக் காற்றைக் குறைக்கிறது, பெட்ரோல் கூடுகிறது. அதனால் வண்டி தெளிகிறது என்றால் மற்ற நேரத்தில் கலவையில் காற்று அதிகம். காலைக் குளிரில் எந்த வண்டியும் சோக் கேட்கும், அதை நம்பாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்குப் பதில் இன்னும் மோசமாகிப் புகை கறுத்தால், பெட்ரோல் அதிகம் போகிறது என்று அர்த்தம். அப்போது கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையையும் ஊசியையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, நடுக்கம் கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் வந்தது. கார்ப்பரேட்டருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு தடித்த கட்டையும் பேக்கிங்கும் இருக்கும். பழைய பேக்கிங்கையே திரும்பப் போடுவது, நட்டை ஒரு பக்கம் மட்டும் முறுக்கி விடுவது, இதெல்லாம் நான் பார்க்காத வேலை இல்லை. அந்த இடுக்கில் காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் அங்கே பெரிதாகத் தெரியும். வேகத்தில் போகும்போது தெரியாது. வேகத்திலும் நடுங்கினால் நான் கரண்டையோ கம்ப்ரஷனையோ பார்த்திருப்பேன்.

இதைக் கண்டுபிடிக்கச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீக்கு வழி. சாதாரணத் தண்ணீர் போதும். ஐடிலிங்கில் ஓடும்போது கார்ப்பரேட்டர் அடிப்பாகத்தைச் சுற்றி மெல்லத் தெளியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மட்டும் படக்கூடாது. எந்த இடத்தில் பட்டதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை, தண்ணீர் ஒரு கணம் அடைத்துக்கொள்கிறது. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் வளைத்தும் பாருங்கள், நுனியில்தான் வெடித்திருக்கும். உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர் இருந்தால் பெடலை அழுத்திப் பிடியுங்கள். நடுக்கம் மாறினால் அதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் செத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியதும் எஞ்சின் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் கழற்றிய ஒயரை அந்தரத்தில் விடாதீர்கள், பழைய பிளக் ஒன்றைச் செருகி அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வையுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னதிலும் விஷயம் உண்டு. 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20 போட்டால் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் எரிபொருள் தேவை. பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும், கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை அளவுதான் தெரியும். ஆகவே கலவை கொஞ்சம் மெலியும், பழைய ரப்பரும் சீக்கிரம் கெடும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்த அன்றைக்கே நடுக்கம் வருவதற்கு இ20 காரணமாகாது.

மலை ஏறுவதால் காற்று குறைகிறது என்றும் யாராவது வந்து சொல்வார்கள். ஆரியங்காவு என்ன கொடைக்கானலா? அங்கே 2,000 மீட்டருக்கு மேல், கார்ப்பரேட்டர் வண்டி பெட்ரோல் மிகுந்து மூச்சு முட்டும். நம் கணவாய் அத்தனை உயரம் கிடையாது.

திணறல் தனி நோய் என்று நினைக்கிறேன், அது முன்பே இருந்ததே. முதலில் இதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

செங்கோட்டை மளிகை:

அண்ணாச்சி, சூடான பிறகும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் நடுக்கம் நிற்கிறது. ஒயர் கழற்றிப் பார்த்ததில் மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி தொய்கின்றன. தண்ணீர் தெளித்ததும் கார்ப்பரேட்டரின் பின்பக்கத்தில் சத்தம் மாறியது. கழற்றினால் பேக்கிங் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, பின்பக்க நட்டுகள் விரலாலேயே சுற்றுகின்றன. தென்காசியில் புதுப் பேக்கிங் வாங்கிப் போட்டாச்சு. நடுக்கம் போய்விட்டது, ஆனால் இப்போது எஞ்சின் சும்மா நிற்கும்போதே இரைகிறது. மிதித்தால் திணறுவதும் அப்படியே இருக்கிறது.

புளியரை பழைய மெக்கானிக்:

இரையத்தான் செய்யும். ஓட்டையைச் சமாளிக்க ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி விட்டிருப்பார்கள். சூடான எஞ்சினில் அதை இறக்குங்கள். பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எஞ்சின் தடுமாறும் வரை உள்ளே திருப்பி, மறுபடி சீராக ஓடும் இடம் வரை வெளியே எடுங்கள். கடைசியில் 800, 900 ஆர்பிஎம் பக்கம் நிறுத்துங்கள்.

இனி திணறல். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கேபிளை இழுங்கள். இழுத்த கணமே பெட்ரோல் கம்பி போலப் பீய்ச்ச வேண்டும். ஒழுகினாலோ தாமதித்தாலோ ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம் போயிற்று.

அது சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அதன் பக்கத்தில் தட்டையான டப்பா ஒன்று இருக்கும், வேக்கம் அட்வான்ஸ். எஞ்சின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டு பொறியைச் சற்று முன்னதாக வரவைப்பது அதுதான், அது கிழிந்தாலும் மிதித்தால் திணறும். அதற்குப் போகும் ஹோஸைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி, நுனியைத் துடைத்து, வாயால் உறிந்து நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டே நின்றால் நல்லது. காற்று சுலபமாக வந்துகொண்டே இருந்தால் கிழிசல் ஹோஸிலா டப்பாவிலா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஹோஸ் என்றால் காசே ஆகாது.

செங்கோட்டை மளிகை:

பம்ப் நன்றாகப் பீய்ச்சுகிறது. ஹோஸும் பிடிக்கிறது. டப்பாதான் காற்று விடுகிறது. புனலூரில் பழைய சாமான் கடையில் ஒன்று இருக்கிறதாம், நாளைக்கு எடுக்கிறேன். நானே மாட்டலாமா அண்ணாச்சி?

புளியரை பழைய மெக்கானிக்:

வாங்குமுன் கடையிலேயே உறிந்து பாருங்கள், பழைய டப்பாவும் கிழிந்தே இருக்கலாம். நீங்களே மாட்டலாம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் அதன் உடம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டு, உள்ளே சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்த பிறகே தூக்குங்கள். ஒயர்களுக்கு வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டுவிடுங்கள், எரியும் வரிசை 1-3-2. மாட்டி முடித்து ஏதாவது ஒரு கடையில் பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வருகிற அளவு தப்பாக இருக்கும்.