புதுப்பிப்பு: நார்டிக் நுவார் கட்டத்துக்கு எதை எடுத்தேன்

கட்டத்துக்கு ஒரு புத்தகமாகப் படிக்கும் வாசிப்புச் சவாலில் 'வேறு நாட்டுத் துப்பறியும் கதை' கட்டத்துக்கு நார்டிக் நுவாரில் (ஸ்வீடன், ஐஸ்லாந்து போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் இருண்ட குற்றக் கதைகள்) எதை எடுக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன் அல்லவா? பாதிப் பேர் ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் என்றீர்கள். ஆனால் நான் இன்னும் பின்னால் போய், மாய் ஷோவால், பேர் வாலோ என்ற இருவர் சேர்ந்து எழுதிய 'ரோஸன்னா'வை எடுத்தேன். 1965-இல் வந்த ஸ்வீடன் நாவல்.

ஆசிரியர்கள் இருவரும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த ஜோடி. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். 1975 வரை பத்து நாவல்கள், அத்தனையும் மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரரை வைத்து.

'ரோஸன்னா'வில், ஸ்வீடனின் கோட்டா கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது. செத்தது யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை கடிதம், தொலைபேசி, காத்திருப்பு. சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பெக்குக்கு வயிற்றுக் கோளாறு வேறு. காபி ஆகாது, ஆனாலும் குடிக்கிறார். சாகசம் தேடுகிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு அந்த இழுவைதான் பிடித்தது.

மான்கெலின் வாலாண்டர் என்ற போலீஸ்காரர் கதைகளையும் விடுவதாக இல்லை. ஆனால் அடுத்தது ஐஸ்லாந்து: அந்நாட்டுக் குற்றக் கதை எழுத்தாளர் அர்னால்டுர் இந்த்ரிதாசன். அங்கே முதல் பெயரைச் சொல்லித்தான் ஆளை அழைப்பார்கள், நம் ஊர் மாதிரியே. அதனால் 'அர்னால்டுர்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம். அவருடைய 'ஜார் சிட்டி' நாவல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.